ஏ செக்‌ஷன் அப்பா

சிதம்பரத்தில் பேரொளி அகாடமியைப் போல ஒரு டியூஷன் சென்டர் கிடையாது என்று பேரொளி அகாடமி சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் தொடங்கி ஸ்டேஷன் ரோடு வரைக்கும் பிளெக்ஸ் கட்டி, வெயிலுக்கு ஒதுங்கக்கூட வேறு நிழல் இல்லாமல் பண்ணிவிட்டது. அந்த பிளெக்ஸில் இயற்பியலுக்கு வரிசையாகப் பிள்ளைகள் சிரித்தார்கள். உயிரியலுக்கும் சிரித்தார்கள். வேதியியலுக்குப் போட ஒரு பிள்ளையும் அகப்படவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு சோதனைக்குழாய்க்குக் கண்ணும் வாயும் வரைந்து அதைச் சிரிக்க வைத்திருந்தார்கள்.

இந்தச் சோதனைக்குழாய் சமாச்சாரம் தாளாளர் மனசை அரித்துவிட்டது. தாளாளர் முனைவர் ஜெயப்பிரகாஷுக்குக் கடலூரில் தலைமை அலுவலகம். எதில் முனைவர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற வரைக்கும் அவர் நிற்பதும் இல்லை, காரில் ஏறிவிடுவார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து கிளம்பி வந்து, பெற்றோர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டி மைக்கைப் பிடித்தார்.

"வேதியியலில் மதிப்பெண் ஏன் குறைந்தது? ஆராய்ந்தோம். பாடத்தில் குறை இல்லை, அது அரசாங்கம் போட்ட பாடம். ஆசிரியர்களிடம் குறை இல்லை, அவர்கள் நாங்கள் போட்ட ஆசிரியர்கள். பிள்ளைகளிடம் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் நீங்கள் பிள்ளையைப் பக்கத்துத் தெரு அகாடமியில் சேர்த்துவிடுவீர்கள். அப்படியானால் மீதி இருப்பது யார்?"

யாராக இருக்கும் என்று பெற்றோர்கள் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். வாசலில் மண்டபத்து வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அவராக இருக்காது.

"நீங்கள்தான்" என்றார் தாளாளர். "வீட்டில் வேதியியல் தெரிந்த ஓர் ஆள் உண்டா? சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லத் தெரிகிறது, அது சோடியம் குளோரைடு என்று சொல்லத் தெரிகிறதா? இனி ஞாயிறுதோறும் உங்களுக்கு வகுப்பு. வாராவாரம் தேர்வு. பெற்றோர் எடுக்கிற மதிப்பெண்ணை வைத்துத்தான் பிள்ளைக்கு செக்‌ஷன்."

சொல்லி முடித்து அவர் சற்று நிறுத்தவே, எல்லோரும் கை தட்டினார்கள். மேடையில் பேசுகிறவர் நிறுத்தினால் தட்டித்தானே பழக்கம். தட்டியவர்களில் சபாபதியும் ஒருவர். பாதி தட்டலில்தான் அவருக்கு விஷயம் உறைத்தது.

சபாபதி தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக நின்றுகொண்டே பயணம் செய்கிறவர். ஒரே மகள் அனுப்பிரியா பிளஸ் டூ படிக்கிறாள். எல்லாப் பாடமும் அவளுக்குக் கைக்குள் இருந்தது, வேதியியல் மட்டும் வழுக்கியது. அந்த ஒரு பாடத்தைத் தாண்டினால் அவள் ஆசைப்படுகிற மருந்தியல் படிப்பு, தாண்டாவிட்டால் கிடைத்த படிப்பு. அகாடமியில் அவளைச் சேர்த்ததே லூர்துசாமி சாருக்காகத்தான்.

லூர்துசாமி சாரைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. சட்டையில் சாக்பீஸ் தூள் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்குப் புரியவில்லையென்றால் அந்த முகம் தெளிகிற வரைக்கும் விடமாட்டார், வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் எடுப்பது ஏ செக்‌ஷனுக்கு மட்டும். பி, சி செக்‌ஷனுக்கெல்லாம் சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் எங்கேயோ பதிவு பண்ணின ஒருவர் இங்கிலீஷில் வேகமாகப் பேசிவிட்டுப் போவார். பிள்ளைகள் கையைத் தூக்கினாலும் அவர் பேசிக்கொண்டேதான் இருப்பார், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு ஸ்மார்ட் கிளாஸ் என்று பெயர்.

ஆக, சபாபதி மார்க் வாங்கினால் அனுவுக்கு லூர்துசாமி சார், வாங்காவிட்டால் டிவி. விஷயம் அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு ஆள் போனால் போதும் என்றார்கள். மனைவி மகேஸ்வரி யோசிக்கவே இல்லை. "நான் எட்டாவதோட நின்னவ. நீங்க பத்தாவது பாஸு. கல்யாணத்தப்ப உங்க அம்மா அதச் சொல்லித்தான எங்க வூட்ல வாயடைச்சாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். சபாபதியால் மறுக்க முடியவில்லை. அந்தப் பத்தாவதை அவரும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

முதல் ஞாயிறு போனால், வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். பிறகு உறுதிமொழி. 'என் பிள்ளையின் தோல்விக்கு நானே வினையூக்கி' என்று கையை நீட்டிச் சொல்ல வேண்டும். வினையூக்கி என்றால் என்னவென்று அப்போது ஒருவருக்கும் தெரியாது, கெட்ட வார்த்தை இல்லை என்று மட்டும் தெரிந்தது. பெஞ்சுகளோ பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் போட்டவை. அரிசி மில்காரர் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டு வெளியே வரமுடியாமல் வகுப்பு முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். அவருடைய கவனத்தைப் பாராட்டி மறுவாரம் சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

சபாபதிக்குப் பக்கத்தில் லால்பேட்டை நூருல்லா பாய். அத்தர் கடை வைத்திருக்கிறவர், தினம் சபாபதி பஸ்ஸில் வருகிறவர், மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அவர் மகன் இம்ரானும் அனுவும் ஒரே வகுப்பு. சுவேதா மேடம் என்று ஒரு பெண், பெற்றோர் ஒருங்கிணைப்பாளர் என்று அட்டை மாட்டிக்கொண்டு, டிவியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். டிவிக்காரர் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து பாய் குனிந்து, இந்த ஆளு எந்த ஊருக்கு டிக்கெட் கேக்குறாரு மச்சான் என்று கேட்க, சபாபதி சிரித்துவிட்டார். சுவேதா மேடம் அதைக் குறித்துக்கொண்டாள்.

தேர்வில் சபாபதி வாங்கியதை இங்கே சொல்ல வேண்டாம், மனுஷனுக்கு மானம் இருக்கிறது. அனு மறுநாளே சி செக்‌ஷனுக்குப் போனாள்.

அந்த மாதக் கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் வந்தது. கூட்டத்துக்கு வரச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஓலை போயிருந்தது. அனு நாற்காலியில் உட்கார, சபாபதி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவேதா மேடம் அனுவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னாள். உங்கப்பாவுக்குத் திறமை இல்லாமல் இல்லை, கவனம் இல்லை. வகுப்பில் பேச்சு. ஜன்னல் வழியாகப் போகிற பஸ்ஸைப் பார்த்து விசில் ஊதுகிற மாதிரி வாயைக் குவிக்கிறார். பக்கத்தில் உட்காருகிறவர் சகவாசமும் சரியில்லை.

"வீட்ல சொல்லிப் பாக்குறேன் மேடம்" என்றாள் அனு.

"அடிக்காதீங்க. அன்பா சொல்லுங்க. இந்த வயசுல முரண்டு புடிப்பாங்க" என்றாள் சுவேதா மேடம்.

வெளியே வந்து அப்பாவும் மகளும் நடந்தார்கள். சபாபதிக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. தன்னால்தானே பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கீழவீதி முனை வந்ததும் அனு அவர் கையைப் பிடித்தாள். நாளையிலிருந்து நான் சொல்லித் தர்றேன், விளையாட்டுத்தனம் பண்ணாமல் படிக்கணும் என்றாள். சரி என்றார் சபாபதி.

படிப்புக்கு இடம் பஸ்தான், வேறு எங்கே நேரம்? அனு பள்ளிக்கூடம் விட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்து முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். காட்டுமன்னார்கோயில் போய்த் திரும்புகிற வரைக்கும் பாடம் நடக்கும். சும்மா நெட்டுருப் போட வைத்தால் அப்பாவுக்கு ஏறாது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது பஸ், அதிலேயே சொன்னாள். மந்த வாயு என்றால் ஏறினதும் சீட்டுப் பிடித்து உட்கார்ந்துவிட்ட ஆள், அவர் யாரையும் சட்டை பண்ண மாட்டார். சோடியம் என்றால் கையில் ஒரு பை ஜாஸ்தியாக வைத்துக்கொண்டு, யார் மடியிலாவது கொடுத்துவிடத் தவிக்கிற ஆள். குளோரின், மடி காலியாக இருக்கிற ஆள். பை கைமாறிவிட்டால் இரண்டு பேரும் இறங்குகிற வரைக்கும் ஒட்டிக்கொள்வார்கள், அதுதான் அயனிப் பிணைப்பு.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே பையில ஆளுக்கொரு காதப் புடிச்சிக்கிட்டு நின்னா?" என்று சபாபதி கேட்டார்.

அனு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அது அடுத்த பாடம், சகப் பிணைப்பு. சொல்லித் தராமலே கேட்டுவிட்டார் மனுஷன்.

அதற்கப்புறம் சபாபதிக்குப் பிடித்துக்கொண்டது. வினையூக்கி என்றால் கண்டக்டர்தான் என்று தெரிந்த அன்றைக்கு அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. அவர் 'உள்ள போ, உள்ள போ' என்றால் கூட்டம் நகரும், அவர் மட்டும் படியிலேயே இருப்பார், ஒரு மாற்றமும் அடைய மாட்டார். குமராட்சியில் எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேர் ஏறினால் அது சமநிலை; வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், உள்ளே நடக்கிற இடிபாடு கண்டக்டருக்குத்தான் தெரியும். பயணிகளும் பழகிவிட்டார்கள். பையை மடியில் வாங்கிக்கொள்கிற அம்மாவைப் பார்த்து, நீ குளோரின் என்று அவர் சொன்னால் அந்தம்மா கோபித்துக்கொள்வதில்லை. டிரைவர் மட்டும், டிக்கெட் போடுய்யா என்று அவ்வப்போது கத்துவார்.

வீட்டில் மகேஸ்வரியின் கெடுபிடி. வல்லாரைக் கீரை, ஊறவைத்த பாதாம் எல்லாம் சபாபதிக்கு. அவர் புத்தகத்தோடு உட்கார்ந்தால் தெருவில் கீரை விற்கிறவளைக்கூடக் கத்தவிட மாட்டாள். ஒரு ஞாயிறு டூட்டி மாற்றம் கிடைக்காமல் வகுப்புக்குப் போகமுடியாமல் போனபோது, 'என் தந்தைக்குக் காய்ச்சல் கண்டிருப்பதால்' என்று அனு லீவு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பெற்றோருக்கு மார்க் வேண்டுமென்றதும், பெற்றோருக்கு டியூஷன் எடுக்கிற சென்டர்கள் முளைத்தன. அதற்கும் முடியாதவர்கள் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்களை அப்பாவாக வாடகைக்கு அமர்த்தினார்கள். ஒரே இளைஞன் மூன்று பிள்ளைகளுக்கு அப்பாவாக வந்து மூன்று பேப்பர் எழுதியதை சுவேதா மேடம் பிடித்துவிட்டாள். அந்தப் பிள்ளைகளில் ஒன்று இந்து, ஒன்று கிறிஸ்தவப் பிள்ளை, ஒன்று முஸ்லிம். மத நல்லிணக்கத்தைப் பாராட்டுகிறோம், ஆனாலும் விதி விதிதான் என்று அகாடமி அறிக்கை விட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பெற்றோரும் கல்யாண ஆல்பத்தோடு வரவேண்டும். சுவேதா மேடம் ஆல்பத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். முடி கொட்டினவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அரிசி மில்காரரை அவர் மனைவி நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டியிருந்தது, அந்தம்மாவும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் காட்டினாள்.

இத்தனைக்கும் நடுவில் சபாபதி ஏறிக்கொண்டே வந்தார். சியிலிருந்து பி. பியிலிருந்து ஏ. பெற்றோருக்கு வைத்த அரையாண்டுப் பரீட்சையில் சிதம்பரம், கடலூர் இரண்டு கிளைக்கும் சேர்த்து முதல் மதிப்பெண் அவர்தான். சிரிக்கிற சோதனைக்குழாயை எடுத்துவிட்டு அந்தக் கட்டத்தில் சபாபதி படத்தைப் போட்டார்கள். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தப் படம் போனது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பிளெக்ஸ் இருக்கிற இடத்தில் பஸ்ஸை மெதுவாக எடுக்கும்படி டிரைவரிடம் சொல்வார். காலரில் கர்ச்சீப் வைப்பதை விட்டுவிட்டார்.

பரிசளிப்பு விழா கடலூரில். சால்வை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். தாளாளர் உருகிவிட்டார்.

"பாருங்கள், ஒரு சாதாரணக் கண்டக்டர். அவரை நாம் உருவாக்கியிருக்கிறோம். பெற்றோர் மதிப்பெண்தான் இனி நம் அகாடமியின் பெருமை. பிள்ளைகளின் மதிப்பெண் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் அரசாங்கம் போடுவது, நம் கையில் இல்லை. பெற்றோர் மதிப்பெண் வாராவாரம் வரும், நாமே போடுவது. ஆகவே நம்முடைய மிகச் சிறந்த ஆசிரியர் லூர்துசாமி அவர்களை வரும் வாரம் முதல் பெற்றோர் வகுப்புக்கு மாற்றுகிறோம். ஏ செக்‌ஷன் பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய டிவி வருகிறது."

எல்லோரும் தட்டினார்கள். சபாபதி தட்டவில்லை, கையில் கேடயம் இருந்தது. எதிரே முதல் வரிசையில் மகேஸ்வரிக்குப் பக்கத்தில் அனு உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டிக்கொண்டுதான் இருந்தாள், அப்பாவுக்காக. ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. மேடையில் ஓரமாக நின்ற லூர்துசாமி சார் குனிந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சபாபதி கேடயத்தைக் காலடியில் போட்டுவிட்டார். எந்தச் சாருக்காக வல்லாரைக் கீரையெல்லாம் தின்றாரோ அந்தச் சாரை அவரே மகளிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நடுவருஷத்தில் அவளை வேறு எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, அங்கே மட்டும் லூர்துசாமி சார் இருக்கப்போகிறாரா?

மறுநாளே அவர் லூர்துசாமி சார் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். தனியாக நீங்களே சொல்லிக் கொடுங்களேன் என்று கேட்டார். அகாடமிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வெளியில் ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் வேலை போய்விடும் என்று சார் வருத்தத்தோடு சொன்னார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அனுவுக்குச் சமநிலைப் பாடத்தில் பாதிதான் ஆகியிருக்கிறது, மீதியில்தான் கேள்வி வரும் என்று சொல்லிவிட்டு, ஏன்தான் சொன்னோமோ என்பது மாதிரி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வகுப்பில் சார் எடுத்த பாடம் இருக்கிறதே, சபாபதி வாழ்க்கையில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேட்கக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இதை வீட்டுக்குப் போய் அனுவிடம் சொல்லிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, சொல்லிக் கொடுக்க வரவில்லை. அவள் ஒரு சந்தேகம் கேட்டால் அவருக்குப் பஸ்ஸுக்கு மேல் போக முடியவில்லை. "வுடுப்பா, நான் பாத்துக்குறேன்" என்று அனு சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

இதற்குள் தாளாளருக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. மிகச் சிறந்த ஆசிரியரைக் கொடுத்தும் சில பெற்றோர் தேறவில்லை என்றால் அதற்குக் காரணம் வெட்கம் இல்லாமைதான் என்று அவர் கண்டுபிடித்தார். ஆகவே பெயிலான பெற்றோர் அடுத்த ஞாயிறு தன் பிள்ளையோடு வரவேண்டும். வகுப்பு முடிகிற வரைக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, தன் அப்பன் லட்சணத்தைப் பார்க்க வேண்டும். தேறுகிற வரைக்கும் வாராவாரம் இப்படித்தான்.

முதல் பலி நூருல்லா பாய். அவர்தான் எந்தக் காலத்திலும் ஒளிவுமறைவில்லாமல் பெயிலாகிறவர் ஆயிற்றே. இம்ரானைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சுவேதா மேடம், அவமானப்படுகிறார்களா என்று பார்த்துவிட்டு வெளியே போனாள். லூர்துசாமி சார் பாடத்தைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இம்ரான் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டான். சார் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அவர் பாயைத் தாண்டி, மற்றவர்களைத் தாண்டி, அந்தப் பையனுக்கு மட்டுமே பாடம் நடத்தினார். பாய் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

சபாபதி இம்ரானைப் பார்த்தார். தூங்குகிற பாயைப் பார்த்தார். அடச்சே என்று தன் தொடையிலேயே அடித்துக்கொண்டார்.

அடுத்த தேர்வுப் பேப்பரை வாங்கி அவர் ஒருமுறை புரட்டினார். எல்லாம் தெரிந்த கேள்வி. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு விடை போட்டிருந்தது, சரியானது அவரைப் பார்த்துக் கூப்பிட்டது. சோடியம் குளோரைடில் உள்ள பிணைப்பு எது என்று முதல் கேள்வியிலேயே கேட்டு வைத்திருந்தான் பாவி. பை கைமாறுவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கைப்பழக்கத்தில் அயனிக்கு வட்டம் போட்டே விட்டார். அப்புறம் அதை அடித்துவிட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு உலோகப் பிணைப்புக்குப் போட்டார். பிளெக்ஸில் இருக்கிற முகம் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே கடைசி வரைக்கும் போட்டார்.

முட்டை. இரண்டு கிளைக்கும் சேர்த்துக் கடைசி.

அகாடமி அதிர்ந்துபோய்விட்டது. அன்றைக்கே பிளெக்ஸில் சபாபதி முகத்தின் மேல் பழைய சோதனைக்குழாயை ஒட்டிவிட்டார்கள். பஸ்ஸில் ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். மகேஸ்வரி பாதாமை நிறுத்திவிட்டாள். அனுவைக் கூப்பிட்டு, விடைத்தாளைக் கையில் கொடுத்து, உங்கப்பா ஏதோ தப்பான வழியில் போகிறார், கண்காணியுங்கள் என்று சுவேதா மேடம் சொல்லி அனுப்பினாள்.

அனு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். விடைத்தாளை மடியில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடிப்பதற்குள் பஸ் லால்பேட்டையைத் தாண்டிவிட்டது. சபாபதி டிக்கெட் கிழிக்கிற சாக்கில் பின்னாலேயே நின்றார்.

"இங்க வாப்பா" என்றாள்.

வந்தார்.

"தெரியாதவன் கண்ண மூடிக்கிட்டுப் போட்டாலும் நாலுல ஒண்ணாவது சரியா வுழும். இப்பிடி ஒண்ணுகூட விடாம தப்பாப் போடணும்னா எல்லாம் தெரிஞ்சிருக்கணும்." விடைத்தாளை மடித்தாள். "நான் சொல்லிக் குடுத்த புள்ள நீ. எனக்குத் தெரியாதா?"

சபாபதி தோள்பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஞாயித்துக்கெழம காலையில கெளம்பி நில்லு, என்கூட வரணும், அப்பாவுக்கு வெக்கம் வரணுமாம் என்றார். அனு தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. பின்னால் யாரோ டிக்கெட் கேட்டார்கள்.

வேண்டுமென்றே பெயிலான கதையை சபாபதி பாயிடம் மட்டும்தான் சொன்னார். பாயிடம் ஒன்றைச் சொன்னால் லால்பேட்டைக்கே சொன்ன மாதிரி, லால்பேட்டையில் ஏறின பேச்சு சிதம்பரம் வரைக்கும் வந்துவிடும். அடுத்த தேர்வில் சிதம்பரம் கிளைப் பெற்றோர் அத்தனை பேரும் பெயில். அரிசி மில்காரருக்கு மட்டும் எவ்வளவோ முயன்றும் ஒன்றிரண்டு சரியாகிவிட்டது, இருந்தாலும் தேறவில்லை.

தாளாளர் அலறியடித்துக்கொண்டு கடலூரிலிருந்து வந்தார். ஹால் நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும். அவர் மைக்கைப் பிடித்தார்.

"உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்? என்னுடைய ஒரே நல்ல ஆசிரியரை உங்களுக்குக் கொடுத்தேன். உங்கள் பிள்ளைகளுக்குக்கூட அவரைக் கொடுக்கவில்லையே. இதற்குமேல் ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்? பிள்ளைகள் பெஞ்சில் உட்காரட்டும். நீங்கள் எழுந்து பின்னால் போய் நில்லுங்கள். பிள்ளைகள் படிப்பதைப் பார்த்தாவது உங்களுக்குப் புத்தி வரட்டும்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து, பெஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றார்கள். லூர்துசாமி சார் கதவைச் சாத்தினார். பிள்ளைகளைப் பார்த்தார். பின்னால் நிற்கிறவர்களையும் ஒரு தடவை பார்த்தார். திரும்பிக் கரும்பலகையில் 'வேதிச் சமநிலை' என்று எழுதி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

அனு முதல் பெஞ்சில் இருந்தாள். பாடம் பாதி போனபோது சார் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அழுத்தத்தைக் கூட்டினால் வினை எந்தப் பக்கம் நகரும், ஏன்? ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. சபாபதிக்கு விடை தெரியும். அது நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது, கை தானாக மேலே கிளம்பியது. அந்தக் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக் கட்டிக்கொண்டு, மகளின் பின்னலையே பார்த்தபடி நின்றார்.

முதல் பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"சொல்லும்மா" என்றார் லூர்துசாமி சார்.